ஒரு இஞ்சு விட்டு

வாங்க தம்பி, வாங்க. போன்ல பேசுனது நீங்கதானுங்களா? ஈரோட்டுல இருந்தா? உக்காருங்க. அந்த சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. வண்டியப் பாக்கலாம், அது எங்க போயிரப்போகுது. வண்டி நிக்கற செட்டோட சாவி உள்ள ரூம்புல பீரோவுல இருக்குது. அந்த ரூம்புக்குள்ள இப்பப் போக முடியாதுங்க. என்ற ஊட்டுக்காரி பாவாயி பை மாத்திட்டு இருக்கறா. இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் அந்தக் கதவத் தொறக்கக் கூடாது.

பைன்னா தண்ணிப் பை. அவளுக்குக் கிட்னி ரெண்டும் போயிருச்சுங்க, ரெண்டு வருசமாச்சு. வயித்துல ஒரு குழா வெச்சு உட்டிருக்கறாங்க. உள்ள இருக்கற பழைய தண்ணியக் கீழ ஒரு பையில வடிக்கணும். அப்பறம் ஒசரத்துல ஒரு புதுப் பையத் தொங்கவுட்டா, அந்தத் தண்ணி வயித்துக்குள்ள எறங்கும். காலையில ஆறு, அப்பறம் பதினொண்ணு, சாயந்தரம் அஞ்சு, ராத்திரி பத்து. நாலு தடவை. தீபாவளி, பொங்கல்னு லீவெல்லாம் கெடையாது. கதவு சன்னல் சாத்தி, பேன நிறுத்தி, கையச் சோப்புப் போட்டுக் கழுவி, மூஞ்சிக்குத் துணி கட்டி... தூசி கீசி பட்டா வயித்துக்குள்ள சீழ் புடிச்சிருமாம். எல்லாத்தையும் அவளே பண்ணிக்குவா. என்னைய உள்ள சேக்க மாட்டா. ‘உங்க கையில கிரீஸ் போகாது மாமா, வெளிய இருங்க’ன்னுருவா.

நீங்க போன்ல படத்தப் பாத்துட்டு வந்திருக்கறீங்க. படத்துல எல்லாமே நேராத்தான் தெரியும். நான் ஒளிக்க மாட்டனுங்க. சாவி வர்றதுக்குள்ள வண்டியோட கொறை எல்லாத்தையும் சொல்லிப்போடறேன். கேட்டுட்டு வேண்டாம்னா எந்திரிச்சுப் போயிருங்க, எனக்கு வருத்தமே இல்ல. மோர் குடிக்கறீங்களா? ஆனா மோரும் அவ வந்துதான் ஊத்தணும். இருங்க.

நான் நாமக்கல்ல முப்பத்தெட்டு வருசம் லாரிக்கு பாடி கட்டுனவன். அர்த்தனாரி மேஸ்திரின்னா அந்த ரோட்டுல எந்த செட்டுலயும் கேட்டுப் பாருங்க. எத்தனை வண்டி கட்டியிருப்பேன்னு எனக்கே தெரியாது. எல்லாம் சரக்கு ஏத்தற வண்டி. சிமெண்டு ஏறும், முட்டை ஏறும், மாடு ஏறும். மனுசன் படுத்துத் தூங்கற மாதிரி ஒண்ணு கட்டுனது இதுதான். எல்லாம் குத்தாலத்துக்காக.

குத்தாலம் போயிருக்கறீங்களா? நாங்க கல்யாணமான வருசத்துல இருந்து ஆடி மாசம் தவறாமப் போவோம். மூணு நாள். அஞ்சருவியில பொம்பளைங்க பக்கம் இவ உள்ள போனான்னா, வெளிய வரமாட்டா. நான் துண்டையும் மாத்துத் துணியையும் வெச்சுக்கிட்டுத் திருவிழாவுல தொலைஞ்சவனாட்டம் நின்னுட்டிருப்பேன். கையெல்லாம் வெளுத்துப்போயி, பல்லு டைப்படிக்க வருவா. வந்தொடனே பரோட்டா கேப்பா. இந்த வயித்துக் குழா வந்தப்பறம் எல்லாம் நின்னு போச்சு. குழா நனையக் கூடாது. இங்க சங்ககிரியில இருந்து ஏழு மணி நேரம் ஆகுதா, நடு வழியில ஒருக்கா பை மாத்தணும். அங்க போனாலும் சீசன்ல லாட்ஜு ரூம்பு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஈரச் செவுரு, ஈர மெத்தை, எவனோ காயப்போட்ட ஜட்டி. அங்க வெச்சு எப்படிப் பை மாத்தறது?

போன சித்திரையில ஒரு நாள் சொன்னா, ‘குளிக்க வேண்டாம் மாமா. சாரல்ல சித்த நேரம் உக்காந்துட்டு வந்தாப் போதும்.’ ரெண்டு வருசத்துல அவ வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதானுங்க. எனக்கு மனசு கேக்கல. சுத்தமா ஒரு ரூம்பு, சக்கரத்து மேல. நம்ம ஜீப்புக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற மாதிரி. இந்த சீசனுக்கே உன்னையக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்.

மொதல்ல ஒரு ஜெனரேட்டர் ட்ராலி வாங்குனேன். கல்யாண மண்டபத்து வாசல்ல நிக்குமே, அது. ஒரு சவுண்டு சர்வீசுக்காரரு வேண்டாம்னு போட்டு வெச்சிருந்தாரு. மேல இருந்த ஜெனரேட்டர எடுத்துட்டா அடியில வெறும் இரும்புச் சட்டம், ரெண்டு சக்கரம். நல்ல இரும்பு. அது வந்து எறங்குன அன்னைக்கே, மிச்சம் கெடந்த ஒரு துண்டுக் கம்பிய வைஸ்ல குடுத்து, பை மாட்டறதுக்கு ஒரு கொக்கி வளைச்சு அவகிட்டக் குடுத்தேன். அளவும் இல்ல ஒண்ணும் இல்ல, கண்மட்டத்துக்கு அஞ்சு நிமிச வேலை. ஒரு பக்கமாக் கோணிக்கிச்சு. ‘இது மாதிரிக்குத்தான் பாவாயி, நல்லதா அப்பறம் செஞ்சு தாரேன்’னேன். அவ அதைச் சீலைத் தலப்புல தொடச்சு உள்ள கொண்டுபோயிட்டா.

அடுத்த நாள் சட்டத்த மூலைக்கு மூலை அளந்தேன். நீங்க எஞ்சினியருங்களா? டிராயிங் போடறவரா, சரி, அப்ப உங்களுக்குத் தெரியும். மூலைக்கு மூலை ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தாத்தான் சட்டம் நேர். பத்து நூல் வித்தியாசம் வந்துச்சு. எட்டு நூல் ஒரு இஞ்சு, அப்ப ஒண்ணே கால் இஞ்சு கோணல். எவனோ எங்கயோ பள்ளத்துல உட்டு இடிச்சிருக்கறான். கேஸ் வெச்சுப் பழுக்கக் காய்ச்சி, செயின் பிளாக்குல இழுத்து, ஜாக்கி குடுத்து... சித்திரை முழுக்க அதே வேலை. பத்து நூல் ஏழாச்சு, ஏழு மூணாச்சு.

கந்தப்பன் வந்து பாத்தான். அவன் எங்கிட்டப் பதினஞ்சு வருசம் வேலை செஞ்சவன், இப்பச் சொந்தமா செட்டு வெச்சிருக்கறான். ‘மூணு நூல்தானுங்கண்ணா, கட்டையச் செதுக்கிப் பேக்கிங் குடுத்து மேல ரூம்ப ஏத்துங்க. நாம செய்யாததா?’ன்னான். செஞ்சிருக்கறோம், இல்லைங்கல. நேரா எந்த சேசிஸ்ங்க வருது? கோணல் இருக்கற எடத்துல மரக்கட்டை வெச்சு சமாளிச்சு மேல பாடிய ஏத்திருவோம், பெயிண்டு அடிச்சு, கண்ணுல மை வெச்சு அனுப்பிருவோம். அது ஊரான் வண்டி. இது இவ படுக்கப்போற எடம். அடிச்சட்டம் கோணினா மேல எல்லாம் கோணும், வண்டி ஆடும், வண்டி ஆடுனா பை ஆடும், பை ஆடுனா வயித்துல குழா இழுக்கும். பாவாயிகிட்டயும் இதத்தான் சொன்னேன். ‘வண்டிய நிறுத்திட்டுத்தான மாமா பை மாத்தப்போறேன்?’னு கேட்டா. கேக்கத்தான் செய்வா, அவளுக்கு வேலையப் பத்தி என்ன தெரியும்?

அந்த மூணு நூலையும் எடுத்தர்றேன்னு குறுக்க ஒரு இரும்புச் சட்டம் வெச்சு வெல்டிங் அடிச்சேன். வெல்டிங் ஆறறப்ப இரும்பு சுருங்கி இழுக்குமுங்க. காலையில வந்து பாத்தா ஒம்போது நூல். தூக்கி செட்டுக்கு வெளிய எறிஞ்சேன். இன்னும் வேலியோரம் கெடக்குது, அவரைக்காய்க் கொடி ஏறியிருக்குது.

சரி, பழசே வேண்டாம்னு புது இரும்புச் சானல் வாங்கி நானே ஒரு சட்டம் கட்டுனேன். நீங்க பாக்கப்போறது அதுதான். பன்னண்டடி நீளம், ஆறடி அகலம். எல்லாத்தையும் மொதல்ல பொட்டுப் பொட்டா வெல்டிங் வெச்சு, நூல் கட்டி, ரசமட்டம் வெச்சு, ஒவ்வொரு மூலையாப் பாத்துப் பாத்துக் கட்டுனேன். ஆனி பொறந்துருச்சு. டிவியில மெயின் அருவியில தண்ணி ஆர்ப்பரிச்சுக் கொட்டுதுன்னு காட்டறான். இவ சோத்தப் போட்டுட்டு டிவியப் பாப்பா, அப்பறம் என்னையப் பாப்பா. ‘எப்ப மாமா?’ம்பா. தெனமும் ஒருக்கா. ‘எப்ப மாமா?’ நச்சரிப்பாட்டம் இருக்காது, சும்மா மணி கேக்கற மாதிரித்தான் கேப்பா. அதுதான் எனக்கு நெம்ப எரிச்சலா இருக்கும். இன்னும் எட்டு நாளும்பேன்.

சட்டம் முடிஞ்ச அன்னைக்குக் காலையில மூலைக்கு மூலை அளந்தேன். நான் தனியாத்தான் இருந்தேன். பதிமூணடி அஞ்சு இஞ்சு. செவுத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்சேன். இன்னொரு மூலைய அளக்கறதுக்குள்ள கரண்டு ஆபீஸ்ல இருந்து ஆள் வந்துட்டாரு, அப்பறம் சாப்பாடு. மத்தியானம் பாவாயியக் கூப்புட்டு டேப்போட அந்த முனையப் புடிக்கச் சொன்னேன். பதிமூணடி ஆறு இஞ்சு. ஒரு இஞ்சு! தலையில இடி உழுந்த மாதிரி இருந்துச்சு. போன சட்டம் பண்ணுன வேலையில எனக்கு ஏற்கனவே கிலி. எந்த இரும்பத் தொட்டாலும் கோணும்னு மனசுல உக்காந்துருச்சு. மறுக்கா அளக்கலீங்க. அன்னைக்கே கட்டிங் மிசின எடுத்து நாலு வெல்டிங்கையும் அறுத்துட்டேன். ‘ஏன் மாமா அறுக்கறீங்க, நல்லாத்தான இருந்துச்சு’ன்னா. உள்ள போடின்னு கத்திட்டேன்.

இழுத்து, மறுபடியும் அடிச்சு, அளந்து, மறுபடியும் அறுத்து... அதுக்கப்பறம் அந்தச் சட்டம் நேராகவே இல்ல. எப்படி இழுத்தாலும் எங்கயாவது ஒரு பக்கம் பிச்சுக்கும். ஆடி பொறந்துருச்சு. ஆடி பத்தும் ஆச்சு. எனக்கு சோறு எறங்கல, தூக்கம் இல்ல. கடைசியில வெக்கத்த உட்டு கந்தப்பனக் கூப்புட்டேன்.

வந்தான். சுத்திச் சுத்திப் பாத்தான். ‘மொதல்ல என்னண்ணா அளவு வந்துச்சு?’ன்னான். சொன்னேன். பதிமூணடி அஞ்சு, பதிமூணடி ஆறு. அவன் போன எடுத்து எதையோ தட்டுனான். தட்டிட்டு என்னையப் பாத்தான். ‘அண்ணா, பன்னண்டுக்கு ஆறுன்னா மூலைக்கு மூலை பதிமூணடி அஞ்சுதான் வரணும். கோணுனா ஒண்ணு கூடும், இன்னொண்ணு கொறையும். ஒண்ணு கரெக்டா இருக்கறப்ப இன்னொண்ணு மட்டும் எப்படிங்கண்ணா ஒரு இஞ்சு கூடும்?’

புரியுதுங்களா தம்பி? சட்டம் நேராத்தான் இருந்திருக்குது. ஒரு நூல் கோணல் இல்ல. அளந்ததுதான் தப்பு. நேரா இருந்த சட்டத்த நான் கோணல்னு அறுத்திருக்கறேன். முப்பத்தெட்டு வருசம்! நேத்து வந்த பையன்கூட இந்தத் தப்பச் செய்ய மாட்டானுங்க.

கந்தப்பன் கேட்டான், ‘யாருங்கண்ணா டேப்பு புடிச்சது?’ பாவாயி டீ கொண்டாந்துட்டு நின்னுட்டிருந்தா. அவதான்னேன். அவன் சிரிச்சுட்டே கேட்டான், ‘அக்கா, நீங்க ஒரு இஞ்சு உட்டுப் புடிச்சீங்களா?’ அது எங்க செட்டுப் பழக்கமுங்க. டேப்பு பழசாச்சுன்னா முனையில இருக்கற தகரம் ஆடும், அளவு நிக்காது. அதனால முனைய உட்டுட்டு ஒண்ணாம் நம்பர் கோட்ட மூலையில வெச்சுப் புடிப்போம். வர்ற அளவுல ஒரு இஞ்ச கழிச்சுக்குவோம். இவ அப்படிப் புடிச்சிருக்கறா. நான் கழிக்கல. அவ்வளவுதான் நடந்தது.

அவ ‘ஆமாந்தம்பி’ன்னா. சொல்லிட்டு என்னையப் பாத்தா. கந்தப்பனும் என்னையப் பாத்தான். ‘நான் முனையிலதான் புடிக்கச் சொன்னேன்’னேன் நான். அவ, ‘நான்தான் தப்பாப் புடிச்சுட்டேனாட்ட இருக்குது’ன்னு சொல்லிட்டு டீ டம்ளர எடுத்துட்டு உள்ள போயிட்டா. கந்தப்பன் இன்னும் டீயே குடிக்கல.

அன்னைக்கு இருந்து அவ செட்டுப் பக்கமே வரலீங்க. ஒரு கை குடுடின்னு கூப்புட்டாக்கூட, ‘நான் தொட்டா கெட்டுரும் மாமா, யாரையாவது கூப்புட்டுக்கோங்க’ம்பா. ‘எப்ப மாமா?’ன்னு கேக்கறதும் நின்னு போச்சு. டிவியில குத்தாலம் வந்தா சேனல மாத்திருவா. எனக்குக் கோவம் கோவமா வரும். ஒரு தப்பு பண்ணுனா பண்ணுனது, அதுக்கு இத்தன மொகத்தத் தூக்கி வெச்சுக்கணுமா? நான் ஏதாவது சொன்னேனா? ஒரு வார்த்தை சொல்லலீங்க.

ஆடி கடைசியில அவ தங்கச்சி வளர்மதியும் அவ புருசனும் கார்ல குத்தாலம் போறாங்கன்னு போன் வந்துச்சு. மறு நாள் காலையில பாத்தா இவ பையில சீலைய அடுக்கிட்டிருக்கறா. ‘நானும் போயிட்டு வந்தர்றேன் மாமா.’ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ‘பை எப்படிடி மாத்துவே?’ன்னேன். ‘நர்ஸம்மாகிட்டக் கேட்டுட்டேன். கார ஓரமா நிறுத்திக் கண்ணாடிய ஏத்தி உட்டுட்டு, ஏசிய ஆப் பண்ணிட்டு, கையக் கழுவிட்டு மாத்திக்கலாமாம். ஒசரத்துல மாட்டறதுக்கு ஒண்ணு இருந்தாப் போதுமாம்.’ லாட்ஜு? ‘வளரு பெட்சீட்டு, சோப்பு, டெட்டால் எல்லாம் எடுத்துக்கறா. ரெண்டு பேரும் சேந்து ரூம்பத் தொடச்சுக்குவோம்.’ எல்லாம் முன்னாடியே கேட்டு வெச்சிருக்கறா பாருங்க. என்னையவும் கூப்புட்டா. எனக்கு வண்டி வேலை கெடக்குது, நீ போன்னுட்டேன். கார் தெரு முக்குத் திரும்பற வரைக்கும் வாசல்லயே நின்னேன், அவ கையக் காட்டுனா, நான் காட்டல.

மூணு நாள். ஊட்டுல ஒரு சத்தம் இல்ல. ரெண்டாம் நாள் போன்ல ஒரு போட்டோ அனுப்புனா. இந்தாங்க, பாருங்க. காருக்குள்ளதான். சன்னலுக்கு மேல கைப்புடி இருக்குதுல்ல, அதுல பை தொங்குதா? அந்தக் கொக்கிதான் அது. நான் அஞ்சு நிமிசத்துல வளைச்சுக் குடுத்த கோணல் கொக்கி. ஒரு பக்கமா சாஞ்சுதான் தொங்குது. பின்னாடி கண்ணாடி பூரா சாரல். முக்காவாசி மூஞ்சியத் துணி மூடியிருந்தாலும் அவ கண்ணப் பாருங்க, சிரிக்கறது தெரியும். நாலு மாசமா நான் நேர் பண்ணுனது பூராம் செட்டுல கெடக்குது, அவ இதக் கொண்டுட்டுப் போயிட்டு வந்துட்டா. அந்தக் கொக்கி வண்டியோட வராதுங்க, முன்னாடியே சொல்லிப்போடறேன். இப்பவும் உள்ள அதுலதான் பை தொங்குது. வண்டிக்குள்ள எவர்சில்வர்ல ஒண்ணு செஞ்சு மாட்டியிருக்கறேன், நல்லா நேரா, நீங்க அதை வெச்சுக்கோங்க.

என்ன கேட்டீங்க?

ஒரு இஞ்சு உட்டுப் புடிக்கற பழக்கம் அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதா?

நீங்க டிராயிங் போடறவருன்னு சொன்னப்பவே நெனச்சேன். கந்தப்பனுக்கு இது தோணல. தோணியிருக்கும், எங்கிட்டக் கேக்க மாட்டான். அவ சமையக்கட்டுல இருக்கறவ, வாசலுக்குச் சாணி போடறவ, டேப்ப அவ எங்க புடிச்சா? யாராவது சொல்லிக் குடுக்காம ஒருத்திக்கு ஒண்ணாம் நம்பர் கோட்டுல புடிக்கணும்னு எப்படித் தோணும்? நீங்க ஒரு நிமிசத்துல கேட்டுட்டீங்க. எனக்கு அது தோணறதுக்கு அவ குத்தாலம் போக வேண்டியிருந்துச்சு.

அவ போன மறு நாள், பிளைவுட்டு எடுக்கலாம்னு செட்டுக்குப் போனேன். செவுத்துல சாச்சு வெச்சிருந்த பலகைய நகத்துனா, அதுக்குப் பின்னாடி என்ற கையெழுத்து. சாக்பீஸ்ல. மேல பதிமூணு அஞ்சு. கீழ பதிமூணு ஆறு. அந்த ஆறுக்குப் பக்கத்துல, சின்னதா, ‘1 விட்டு’ன்னு எழுதியிருக்குது. கழிக்கறதுக்கு மறக்கக் கூடாதுன்னு எழுதி வெக்கறது. எப்பவும் எழுதறதுதான். நானே எழுதி, நானே பலகையச் சாச்சு, நானே மறந்திருக்கறேன். பாத்தொடனே எல்லாம் ஞாபகம் வந்துருச்சுங்க. ‘முனை ஆடுது பாவாயி, ஒரு இஞ்சு உட்டுப் புடி’ன்னு நான் சொன்னது, ‘எதுங்க மாமா ஒரு இஞ்சு?’ன்னு அவ கேட்டது, நான் போயி அந்தக் கோட்டுல அவ கட்டைவெரல எடுத்து வெச்சது. எல்லாம்.

அப்ப என்ன செஞ்சேன்னு கேளுங்க. அவளுக்குப் போன் போட்டேனா? இல்ல. ஈரத்துணிய எடுத்துட்டு வந்து அந்தச் செவுத்தத் தொடச்சேன். ரெண்டு தடவை தொடச்சேன்.

அவ வந்தா. மூஞ்சி தெளிவா இருந்துச்சு. எனக்குப் பரோட்டா கட்டிட்டு வந்திருந்தா, ஏழு மணி நேரத்துல அது காஞ்சு வறட்டியாட்டம் ஆயிருச்சு, சால்னாவ ஊத்தித் தின்னேன். சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவ அருவியப் பத்திப் பேசிட்டிருந்தா. இப்ப எதுக்குன்னு உட்டுட்டேன். அப்பறம் தெனமும் அப்படித்தான், இப்ப எதுக்கு, இப்ப எதுக்குன்னு ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. சட்டத்துக்குப் பேக்கிங் குடுத்து ரூம்ப ஏத்தி முடிச்சேன். கந்தப்பன் சித்திரையில சொன்னானே, அதேதான். ஆறு நூல் கோணல் அப்படியே இருக்குது. இழுத்தா இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்கும், பாத்து ஓட்டணும். இதெல்லாம் கொறை. நான் ஒளிக்கல.

அவ அதுக்குள்ள ஒரு நாள்கூட ஏறல. ஏறிப் பாருடின்னா, ‘நல்லா இருக்குதுங்க மாமா’ன்னு வெளியவே நின்னு சொல்லுவா. விக்கலாமான்னு நான்தான் கேட்டேன். ‘உங்க இஷ்டம்’னா. அதுக்கப்பறம் மெதுவாச் சொன்னா, ‘நான் மட்டும் ஒழுங்காப் புடிச்சிருந்தா நீங்க ஆடியிலயே முடிச்சிருப்பீங்க. உங்களையும் கூட்டிட்டுப் போயிருப்பேன்.’ என்னையக் கூட்டிட்டுப் போயிருப்பாளாம். மொகத்தத் தூக்கி வெச்சிருக்கறான்னு நான் நெனச்சிட்டிருந்தனே தம்பி, அவளுக்கு எம்மேல கோவமே இல்லீங்க. என்ற நாலு மாசப் பொழப்ப அவ கெடுத்துட்டான்னு அவ நெனச்சிட்டிருக்கறா. வயித்துல குழாயோட, தெனமும் நாலு தடவை அந்த ரூம்புக்குள்ள கதவச் சாத்திட்டு உக்காந்துட்டு, இதையும் நெனச்சிட்டுத்தான் இருந்திருப்பா. நான் இங்க வெளிய உக்காந்துட்டுப் பேப்பரு படிச்சிட்டிருக்கறேன்.

உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க வண்டி பாக்க. மூணு பேருகிட்டயும் ஊட்டுக்காரி டேப்பத் தப்பாப் புடிச்சுட்டான்னுதான் சொன்னேன். அவளும் பக்கத்துல நின்னு தலையாட்டுனா. அந்த மூணு பேரும் கேக்கல, நீங்க கேட்டுட்டீங்க. எனக்குச் சலிச்சுப் போச்சு தம்பி. இரும்ப இழுத்ததுல வந்த சலிப்பில்ல இது.

கதவு தொறக்குது. வர்றா.

வா பாவாயி. ஈரோட்டுல இருந்து வந்திருக்கறாரு, வண்டி பாக்க. கேட்டீங்களா தம்பி, வந்ததும் வராததுமா என்ன சொல்றா பாருங்க. ‘அந்தக் கோணல் என்னாலதானுங்க தம்பி, அவரு நல்லாத்தான் கட்டுனாரு’ங்கறா. பாவாயி, சாவிய அப்படி வெய்யி. மோர் அப்பறம் ஊத்தலாம். இப்படி உக்காரு. இதுல இல்ல, அதுக்குக் கால் ஆடும், என்ற சேர்ல உக்காரு, நான் நின்னுக்கறேன். தம்பி, நீங்க எந்திரிக்காதீங்க. நீங்க இருந்தாத்தான் எனக்கு வாய் வரும், நீங்க போயிட்டா மறுபடியும் இப்ப எதுக்குன்னு உட்டுருவேன்.

பாவாயி, அந்த ஒரு இஞ்ச நான்தான் உடச் சொன்னேன்.